ஆவண அடைவிலிருந்து எடுத்த உதவிப் பக்கங்கள்

அருமைத் தம்பி செந்திலு,

நீ போன பிறகு உன் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸில் நிறுவுவதற்கான பொதியாக அதைக் கட்டும் ஸ்கிரிப்டில் வெர்ஷன் எண்ணை மட்டும் மாற்றிவந்தேன். மற்ற வரிகளைத் தொட மனம் வரவில்லை. நீ எழுதியபடியே இருக்கட்டும் என்றிருந்தேன்.

போன வாரம், தாராவியில் பேனர் கடை வைத்திருக்கும் செல்வம் போன் செய்தான்.

"யக்கா, புது கம்ப்யூட்டர்ல தம்பி சாஃப்ட்வேர போட்டேன். ஹெல்ப்ப அமுக்குனா வெறும் பக்கமா வருது. ‘ஸ்ரீ’ எந்தக் கீயில இருக்கு? சாயங்காலம் கோயில் கொடை பேனர் கொடுக்கணும்."

"இத்தன வருசமா அடிக்கியே, இது தெரியாதால ஒனக்கு?"

"பழைய பேனர்லேர்ந்து காப்பி பண்ணியே ஓட்டிட்டேன்க்கா. அந்த ஃபைலு பழைய கம்ப்யூட்டரோட போச்சு. க்யா கரூ, என்ன செய்ய?"

போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். பிறகு காரணத்தைத் தேடினேன். இடம் மிச்சமாகட்டும் என்று, ஆவணங்கள் வேண்டாமெனத் தேர்ந்தெடுத்து நிறுவியிருக்கிறான். அப்படி நிறுவ லினக்ஸில் வழியுண்டு. கையேடும் குறிப்புகளும் கிடக்கும் ஆவண அடைவு, அதாவது அந்த ஃபோல்டர், இல்லாவிட்டாலும் மென்பொருள் முழுதாக இயங்க வேண்டும் என்பது விதி. நீயோ ஹெல்ப் பட்டன் திறக்கும் பக்கங்களையே அங்கே வைத்திருந்தாய்.

லினக்ஸ் பொதிகளைச் சரிபார்க்கும் குழுவும் முன்பே இதையே எனக்கு எழுதியிருந்தது. மாற்றாவிட்டால் லினக்ஸின் அடுத்த வெளியீட்டில் உன் பொதி இருக்காது. அந்த மடலுக்கு நான் பதில் போடாமலே இருந்தேன்.

உனக்குத் தெரியாத விதியா? மாட்டுங்கா ஸ்டேஷனில் வந்த டிரெயினை விட்டுவிட்டு என்னோடு வாதாடினாயே, "படிக்க எழுதுனது படிக்கிற எடத்துலதான்க்கா இருக்கணும்" என்று. அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். செல்வம் படிப்பதற்காக அதைத் திறக்கவில்லை, செந்திலு. பாதி வார்த்தையில் கை நின்றுபோனதால் திறந்தான்.

நேற்று உன் வரியை மாற்றினேன். உதவிப் பக்கங்கள் மென்பொருளின் சொந்தத் தரவு அடைவுக்குப் போய்விட்டன. ஆவணங்கள் இல்லாமல் நிறுவிப் பார்த்தேன். ஹெல்ப் திறந்தது. குழுவும் ஏற்றுக்கொண்டது.

ஆவண அடைவில் இப்போது உன் நன்றிக் குறிப்பும் இன்னும் சில கோப்புகளும்தான். அந்தக் குறிப்பில் என் பெயரை எழுதியிருக்கிறாய். ஆவணங்கள் வேண்டாதவர்கள் அதையும் விட்டுவிடட்டும். உனக்கு வருத்தமா?

இனி உன் வரி தவறென்று தெரிந்தால் அன்றைக்கே திருத்துவேன். உன் நினைவுக்காக ஒரு பிழையையும் காப்பாற்றி வைக்க மாட்டேன்.

உன்னோடு வாதாடுவதை இன்னும் விடாத,
உன் அக்கா