பமேலாவின் ஈரலும் ஓடைக்கீரையும்

அன்பு மகள் பமேலாவுக்குத் தஞ்சோங் கிளிங்கிலிருந்து அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தம்பி டெரன்சும் சுகம், இந்த முறை மூன்று பேரும் சோதனை செய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். போனில் பேசினால் அம்மா பாதியில் வாங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

மூன்று மாதமாகக் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி என்று நீ சொன்னாயே, மலேசியா என்றதும் நீ இருக்கும் வேல்ஸ் நாட்டு டாக்டர் இது அங்கிருந்து வந்த புழுதான் என்று முடிவு கட்டி வீட்டுத் தண்ணீரைப் பற்றி விசாரித்தார் என்றும் சொன்னாயே, அதை அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் தண்ணீர் பில்டரை மாற்றினாள், பாத்திரங்களையெல்லாம் கொதிக்கவைத்தாள், "எம் புள்ளைக்கு நானே புழுவ ஊட்டி அனுப்பிட்டேனே" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. பார்க்கச் சகிக்காமல் ஆளுக்கொரு சோதனை டப்பாவோடு மூவரும் மஸ்ஜித் தானா ஊர் கிளினிக்குக்குப் போனோம். டெரன்ஸ் வழியெல்லாம் ஜன்னலை இறக்கிவிட்டே கார் ஓட்டினான்.

யாருக்கும் புழு இல்லை. அம்மாவுக்கு அதிலும் ஆறுதல் இல்லை, "அப்ப இருந்திருக்கும், இப்ப செத்திருக்கும் டாக்டர்" என்றாள். டாக்டர் ராகினி, "ஆன்ட்டி, மக கடைசியா எப்ப வந்தாங்க?" என்று கேட்டார். நான்கு வருடமாகிறது என்றேன். "இந்தக் காய்ச்சல் தொத்துன சில மாசத்துல வர்றது லா. அங்க பச்சையா என்ன சாப்பிடுறாங்கன்னு கேளுங்க" என்றார். அம்மா கேட்ட பிறகுதான், பக்கத்து வீட்டுக்காரியோடு ஆடு மேயும் வயல் ஓடையில் கீரை பறித்துப் பச்சையாகத் தின்றதை நீ சொன்னாய். "ஆட்டு ஈரல் புழு, குளிர் நாட்டுலயும் இருக்கு, ரத்தம் சோதிக்கச் சொல்லுங்க" என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதை உனக்கு அனுப்பினோம், உன் ரத்தத்தில் பிடிபட்டது, இரண்டு வேளை மாத்திரையில் காய்ச்சலும் நின்றது. உன் டாக்டர் மன்னிப்புக் கேட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். "யாருகிட்ட கேட்டாரு?" என்றாள்.

நன்றி சொல்லப் போனபோது, நீ நான்கு வருடம் ஊருக்கு வராததால்தான் நோயைக் கண்டுபிடிக்க முடிந்தது என்று டாக்டர் ராகினி அம்மாவைத் தேற்றினார். அம்மா எழுந்து காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கீரையைக் கழுவினால் மட்டும் போதாதாம், வேகவைக்க வேண்டுமாம். அடுத்த ரத்தச் சோதனைக்குத் தவறாமல் போ. வலி வந்தால் மூன்று மாதம் மறைக்காதே, அன்றே சொல். மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். லீவு கேட்டுப் பார், வீட்டுக்கு வர நோய் எதுவும் தேவையில்லை.

என்றும் உன் நினைவாக,
அப்பா மிக்கேல்ராஜ்