ஒரு மீட்டர் பன்னிரண்டு

மார்ச் 4, திங்கள்

பதினான்கு பூங்கா பெஞ்சுகள். ஒரு லிஃப்ட் மோட்டார். பூட்டிக் கிடக்கும் கழிப்பறைக் கட்டடம் ஒன்று. இன்று மாநகராட்சிக்கு வேண்டாதவை இவ்வளவு. வேண்டாம்தான் என்று சான்று எழுதுவது நான். நான்கு வருடம் பாலங்களின் பாரக் கணக்கு படித்துவிட்டு, பெஞ்சின் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மோட்டாரை எழுத்தர் ‘இயங்கும் நிலை’ என்று குறித்திருந்தார். திறந்தேன். உள்ளே செம்புச் சுருளே இல்லை. மேலாளருக்கு நான்கு வரி எழுதினேன்; கடைசி வரி, ‘பார்க்காமல் குறிக்கப்பட்டது’. சாயங்காலத்துக்குள் எழுத்தருக்கு விளக்கம் கேட்டு மெமோ போய்விட்டது. அலுவலகத்தில் அவருக்கு ‘முத்திரை’ என்று பெயர். அவர் குத்துவது கீழ்த்தளம் வரை கேட்கும். இன்று கொஞ்சம் பலமாகவே கேட்டது.

அக்காவிடம் சொன்னேன். அந்த மனிதர் முப்பது வருடமாக அங்கே இருக்கிறவர், நீ போய் முழுசாக ஒரு வருடம் ஆகவில்லை என்றாள். பொய்க்கு வயதுச் சலுகை உண்டா என்று கேட்டேன். தண்ணீர்ச் சொம்பை ‘நங்’கென்று வைத்தாள்.

ஏப்ரல் முப்பதோடு தகுதிகாண் பருவம் முடிகிறது. பணி உறுதியானால் பாலப் பிரிவு. ஒரே ஒரு காலியிடம், மேலாளர் என் பெயரை அனுப்பியிருக்கிறார். அதுவரை பெஞ்சு.

மார்ச் 6, புதன்

துண்டு எண் 31. இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு சந்து. அகலம் 1.12 மீட்டர், நீளம் 19. வீடுகளின் பக்கவாட்டில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிறது. அடியில் பழைய கழிவுநீர்க் குழாய் இருந்தது. பன்னிரண்டு வருடம் முன்பு சாலையில் புதுக் குழாய் போட்ட பிறகு வரைபடத்தில் இதன்மேல் சிவப்புக் கோடு: ‘கைவிடப்பட்டது’. குழாய் போனால் சந்து எதற்கு? உபரி. தனியாக வீடு கட்ட முடியாத துண்டு என்பதால் விதிப்படி அண்டை வீட்டார் இருவருக்கு மட்டுமே விற்கலாம்.

இடப்பக்கம் பூட்டுக்காரர். சாவி வெட்டுகிறவர், முன்னறைதான் கடை. சொந்த டேப்போடு வந்து என்னோடு சேர்ந்து அளந்தார். மருமகளுக்கு ஏழாம் மாதமாம், ஓர் அறை நீட்ட வேண்டுமாம். வலப்பக்கம் ஓய்வுபெற்ற நர்சம்மா. அவர் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை, சக்கர நாற்காலி. முன்வாசலில் படிகள். சாலையை வருடா வருடம் தார் மேல் தாராகப் போட்டு உயர்த்தியதில் தெருவிலேயே பழைய இந்த இரண்டு வீடுகளும் பள்ளத்துக்குப் போய்விட்டன. வீட்டிலிருந்து தெருவுக்கு ஏற வேண்டும்.

“இவன் வெளிய போறதுக்கு இந்தச் சந்து ஒண்ணுதான் தம்பி வழி,” என்றார் நர்சம்மா.

நீங்களும் விலை கேட்கலாம் என்று சொன்னேன்.

நடுவில் ஒரு மேன்ஹோல் மூடி, துருவேறி ஒட்டிக் கிடக்கிறது. தூக்கும் கொக்கி வண்டியில் இல்லை. வரைபடம் தெளிவாக இருக்கிறது. ‘நிலத்தடிச் சேவைகள்: இல்லை’ என்று குறித்தேன். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது.

மார்ச் 8, வெள்ளி

31-ஐப் பதினோரு துறைகளுக்குச் சுற்றுக்கு விட்டாயிற்று. யாருக்காவது தேவையா, ஆட்சேபணை உண்டா? இருபத்தோரு நாள் கெடு. மௌனம் சம்மதம். பழமொழியாகச் சொல்லவில்லை, விதி எண் 9 அப்படித்தான் சொல்கிறது. தீயணைப்புத் துறை வழக்கம்போல அன்றே ‘ஆட்சேபணை இல்லை’ அனுப்பிவிட்டது. நாற்காலி விற்றாலும் அனுப்புவார்கள். கழிவுநீர்ப் பிரிவு எங்கள் உபரிப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து எதற்கும் பதில் போட்டதில்லை.

மார்ச் 14, வியாழன்

நர்சம்மா அலுவலகத்துக்கு வந்தார். மூன்று மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. (மோட்டார் விஷயம் ஊருக்கே தெரியும்.)

“வாங்க எங்களால ஆகாது. அத விடுங்க. விக்காம இருக்க ஏதாவது வழி இருக்கா?”

ஆட்சேபணை துறையிலிருந்து வர வேண்டும், தனிநபர் மனு செல்லாது என்று சொன்னேன். உள்ளதைச் சொன்னேன்.

“அவன் வண்டி அறுபத்துநாலு சென்டிமீட்டர். சந்து நூத்திப் பன்னெண்டு. எங்களுக்கு அந்த அறுபத்துநாலு போதும். அதை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை வித்துக்கங்களேன்.”

துண்டைத் துண்டாக்க விதி இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். படியிறங்கும்போது இரண்டு இடத்தில் நின்றது கேட்டது.

முத்திரை அவ்வளவு நேரமும் ஒரே கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். மெமோவுக்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் நஷ்டமில்லை.

மார்ச் 15, வெள்ளி

அந்த வழியாகத்தான் வந்தேன். நர்சம்மா வீட்டு முன்படிகளை அளந்தேன். ஆறு, ஒவ்வொன்றும் 17 சென்டிமீட்டர். சும்மா.

மார்ச் 20, புதன்

விற்பனை அறிவிப்பை ஒட்டப் போனேன். நர்சம்மாவின் தம்பி சந்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ரேடியோ, மிக்ஸி எல்லாம் பழுது பார்க்கிறவர். பசை காயும்வரை பேச்சுக் கொடுத்தார்.

“எஞ்சினியர் சார், மேல இருக்கிற மண்ணை மட்டும் விக்கிறீங்களா, அடியில ஓடுறதையும் சேத்தா?”

அடியில் எதுவும் ஓடவில்லை, குழாய் செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது என்றேன்.

“காயிதத்துல செத்தது தினம் காலைல ஆறரைக்குப் பேசுது சார். வந்து கேளுங்க.”

சாலைக் குழாயின் எதிரொலியாக இருக்கும் என்றேன்.

“எனக்குக் காது நல்லாதான் சார் இருக்கு. கால்தான் இல்ல.”

மார்ச் 21, வியாழன்

ஒலி மண்ணில் அப்படிப் போகாது. எதிரொலி என்று நான் சொன்னது வாய்க்கு வந்தது.

மார்ச் 22, வெள்ளி

ஆறு இருபதுக்கே போய்விட்டேன். சந்தில் குப்புறப் படுத்து மூடியில் காதை வைத்தேன். ஆறு முப்பத்திரண்டுக்கு ஓடியது. முதலில் மெல்லிசாக, பிறகு மொத்தமாக. பூட்டுக்காரர் வீட்டில் யாரோ குளிக்கிறார்கள்.

அடச்சே.

ஒரு கொக்கி. ஒரே ஒரு கொக்கி வண்டியில இருந்திருந்தா — இல்லை, அது சாக்கு. கொக்கி இருந்திருந்தாலும் தூக்கியிருப்பேனா? அன்னிக்கு மணி பன்னெண்டரை. பசி. எனக்கே தெரியும், தூக்கியிருக்க மாட்டேன்.

மார்ச் 25, திங்கள்

சத்தம் சான்றாகாது. கொக்கியும் பச்சைச் சாயப்பொடியும் எடுத்துக்கொண்டு போனேன். மூடியை நெம்ப இருபது நிமிடம் ஆனது. பூட்டுக்காரர் வீட்டுக் கழிவறையில் பொடியைக் கொட்டித் தண்ணீர் விடச் சொன்னேன். நான்கு நிமிடத்தில் குழிக்குள் கிளிப்பச்சையாக வந்தது. நர்சம்மா வீட்டில் மறுபடி செய்தேன். அதுவும் வந்தது. புதுக் குழாய் போட்ட ஒப்பந்தக்காரர் தெரு முழுக்க இணைப்பை மாற்றிவிட்டு இந்த இரண்டை மட்டும் விட்டிருக்கிறார். வரைபடம் போட்டவர் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துச் சிவப்புக் கோடு இழுத்துவிட்டார்.

பூட்டுக்காரர் குழியை ரொம்ப நேரம் எட்டிப் பார்த்தார்.

“அப்ப என் கக்கூஸ் மேலயே நான் அஸ்திவாரம் தோண்டப் பாத்திருக்கேன்.”

சக்கர நாற்காலியிலிருந்து சிரிப்பு வந்தது. பூட்டுக்காரர் திரும்பி முறைத்தார். பிறகு என்னிடம், அன்றைக்கே திறந்து பார்க்க வேண்டியதுதானே தம்பி, தச்சனுக்கு அச்சாரம் கொடுத்துவிட்டேனே என்றார். குனிந்து மூடியைத் திரும்பப் போட்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

மேலாளரிடம் சொன்னேன். படபடவென்று பேசுகிறவர், இன்று நிதானமாகப் பேசினார். கெடு வெள்ளிக்கிழமை முடிகிறது. கழிவுநீர்ப் பிரிவு எழுதப்போவதில்லை. எழுதினால் நான்தான் எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்பதில்தான் சிக்கல்.

“‘புதிய தகவல் கிடைத்ததால் சான்று திருத்தப்படுகிறது’ன்னு எழுதுங்க. ஒரு வரி. யாருக்கும் சேதமில்ல.”

தகவல் புதிதில்லை மேடம், பன்னிரண்டு வருடமாக அங்கேயே ஓடுகிறது என்றேன்.

“பாலப் பிரிவுக்காரங்க உங்க கோப்பைக் கேட்டிருக்காங்க. அதுல என்ன இருக்கும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

வெளியே வந்தபோது முத்திரை வாயைத் திறந்தார். மூன்று வாரத்தில் முதல் தடவை.

“குழாய்க்காரனே சொல்லாததை நீ எதுக்கு எஞ்சினியரே சொல்ற? வித்துத் தொலை. தோண்டுறப்ப நாறும். அப்ப அவன் வருவான்.”

அவன் வரும்போது சந்து இருக்காது. சுவர்தான் இருக்கும்.

மார்ச் 27, புதன்

நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். மேலாளர் சொன்ன வாக்கியம் இலக்கணப்படி சரி. பொய் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. இதே வாக்கியத்தை முத்திரை மோட்டாருக்கு எழுதியிருந்தால் நான் விட்டிருப்பேனா? கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, பாலம் போய்விடுமாடா என்றாள். போகலாம் என்றேன். “இந்த வாயை வெச்சுக்கிட்டு நீ எங்கயுமே நிக்க மாட்ட,” என்றாள். ஆனால் இந்த முறை சொம்பை மெதுவாகத்தான் வைத்தாள்.

மார்ச் 28, வியாழன்

கொடுத்துவிட்டேன். நான்கு வரி. துண்டு 31-இன் அடியில் இரு வீட்டுக் கழிவுநீர் ஓடுகிறது. சாயச் சோதனையில் உறுதியானது. விற்பனையை நிறுத்த வேண்டும். மார்ச் 6-ஆம் தேதிச் சான்று, மூடியைத் திறக்காமல், பார்க்காமல் குறிக்கப்பட்டது.

உள்வரும் தபால் மேசை முத்திரையுடையது. படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. குத்தினார். சத்தமே வரவில்லை.

மார்ச் 29, வெள்ளி

விளக்கம் கேட்டு எனக்கு மெமோ. முத்திரையே கொண்டுவந்து கொடுத்தார்.

“என் விளக்கத்தோட நகல் இருக்கு. பேரை மட்டும் மாத்திக்கிறியா?”

வாங்கிக்கொண்டேன். மனிதர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 3, புதன்

கழிவுநீர்ப் பிரிவு பதில் போட்டிருக்கிறது! ஊரே அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போனது. விட்டுப்போன இரண்டு இணைப்புகளையும் சாலைக் குழாய்க்கு மாற்றித் தரத் தயாராம், பதினைந்து நாளில். மாற்றிவிட்டால் பழைய குழாய் நிஜமாகவே செத்துவிடும். சந்து மறுபடி உபரி.

இதை நான் யோசிக்கவில்லை. இரண்டு குழாய்களின் உயர மட்டம் எடுத்து, மாற்ற முடியுமா என்று அறிக்கை தரச் சொன்னார் மேலாளர். என்னைத்தான்.

ஏப்ரல் 5, வெள்ளி

மட்டக் கருவியை வைத்து அளந்தேன். என்ன விடை வர வேண்டும் என்று மனசுக்குள் ஓர் ஆசை இருந்தது. வேலையில் இது முதல் தடவை. அசிங்கமாக இருந்தது. அதனால் கருவியை இடம் மாற்றி வைத்து மூன்று தடவை எடுத்தேன்.

மூன்றிலும் ஒரே விடை. வீடுகளின் குழாய், சாலைக் குழாயைவிட 31 சென்டிமீட்டர் தாழ்வு. வருடா வருடம் தார் போட்டு ஏற்றிய சாலை, அந்த மேட்டுக்கு ஏற்பப் போட்ட குழாய். யார் கையெழுத்துப் போட்டாலும் கழிவுநீர் மேடேறாது. பின்தெருப் பக்கம்தான் இறங்கும். ஒப்பந்தக்காரர் ஏன் இந்த இரண்டை விட்டார் என்பதும் இப்போது விளங்குகிறது. விட்டவர் ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம்.

அந்த ஆறு படிகளுக்கும் இதே காரணம்தான். நாற்காலி ஏறாத இடத்தில் தண்ணீரும் ஏறாது.

ஏப்ரல் 12, வெள்ளி

மாநகராட்சி மன்றம் என் அறிக்கையை ஒப்புக்கொண்டது. துண்டு 31 பட்டியலிலிருந்து நீக்கம். ‘குழாய்ப் பராமரிப்பு வழி. விற்பனைக்கு உரியதல்ல. கட்டுமானம் கூடாது.’ நகலை நர்சம்மாவுக்கு அனுப்பினேன். பூட்டுக்காரருக்கும் ஒன்று.

ஏப்ரல் 30, செவ்வாய்

தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிப்பு. பாலப் பிரிவுக்கு நீர்த்தேக்கப் பிரிவிலிருந்து ஒருவர் போகிறார். கெட்டிக்காரர் என்கிறார்கள். இருக்கட்டும்.

மே 9, வியாழன்

இருபத்திரண்டு அலமாரிகள். எல்லாவற்றையும் திறந்தேன். ஒன்றில் பூனை குட்டி போட்டிருக்கிறது. ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதினேன். முத்திரை அப்படியே குத்தினார்.

ஜூன் 12, புதன்

துண்டு 31-இல் புது மூடி போட்டிருக்கிறார்கள், சரிபார்க்கப் போனேன். மூடி தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. திறந்தேன், பார்த்தேன், மூடினேன்.

நிமிர்ந்தால் பின்தெருப் பக்கமிருந்து நர்சம்மாவின் தம்பி வந்துகொண்டிருந்தார், மடியில் யாருடைய மிக்ஸியோ. இந்தப் பக்கம் பூட்டுக்காரர் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கொண்டுவந்தார். அவருக்கும் முன்வாசலில் அதே ஆறு படிதானே. இருவரும் நடுவில் நின்றார்கள். நாற்காலி 64. தள்ளுவண்டி எப்படியும் 50 இருக்கும். 112-இல் இரண்டும் சேர்ந்து போகாது.

பூட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அறை போன கோபம் இன்னும் இருக்கிறது, நியாயம்தான். நாற்காலியையும் பார்க்கவில்லை. தள்ளுவண்டியின் கூரையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். பிறகு அப்படியே தன் பக்கவாசல்வரை பின்னால் இழுத்துக்கொண்டு போய் நின்றார்.

“வா, சீக்கிரம் வா. வெயில் ஏறுது பிள்ளைக்கு,” என்றார்.

நாற்காலி மூடிமேல் ஏறிப் போனது. சத்தம் வரவில்லை.