வெளிக்குப் போகோணும்

அன்புள்ள அண்ணா,

பூசை விளக்குகளைத் துடைப்பதற்காக இன்று காலை ராயபுரத்துக் கடையில் ஒரு பை பனியன் வேஸ்ட் துணி வாங்கி வந்தேன். பிரித்து உதறியபோது, வண்ணத் துண்டுகளுக்கு நடுவே வெள்ளை ரிப் துணியில் நீளமான கீற்று ஒன்று விழுந்தது. இழுத்தேன், நீண்டது. விட்டேன், சுருங்கியது. அதைக் கண்டால் எனக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். நானோ விளக்கும் கையுமாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். மகள் எட்டிப் பார்த்து, "ஏனுங்கப்பா, வெளக்கு ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?" என்றாள்.

நல்லூரில் உங்கள் கம்பெனி பனியன்களுக்குக் கழுத்து வைத்த அதே துணியால்தான், கணியூருக்கு அப்பால் தென்னந்தோப்புக்குள் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் உங்களை நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். இடுப்பில் ஒரு கட்டு, மணிக்கட்டுக்கு ஒன்றாக இரண்டு. துணியைக் கொண்டுவந்து கொடுத்தவன் உங்கள் மகன். "கயிறுன்னா தோலு உரியுமுங்க சித்தப்பா. இது மெத்துன்னு இருக்கும்" என்றான். குரலில் பாசம் இருந்தது. பாசம் என்னும் சொல்லுக்குக் கயிறு என்றும் பொருளுண்டு என மார்கழிதோறும் கோயில் மண்டபத்தில் எங்களுக்கு விரித்துரைத்தவர் நீங்கள். அன்று அந்த இரண்டு பொருளும் ஒரே முடிச்சாக உங்கள் இடுப்பில் இருந்தன.

பதிகம் முழுவதையும் தடையின்றி ஓதிய நாக்கு தடித்துப் போயிருந்தது. மருத்துவர் ஒருவர் சில இரவுகளுக்கென எழுதிய தூக்க மாத்திரையை, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் பகலிலும் கொடுத்துவந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்ட பணிப்பெண் காரணம் சொன்னாள்: "தாத்தா எப்பவும் வெளியே போகணும், வெளியே போகணும் சொல்றாங்க. கேட் தாண்டினா ரோடு, பஸ் வரும். அதான் கட்டு. கட்டினா சத்தம் போடறாங்க. அதான் மாத்திரை."

அப்போது நீங்கள் முனகினீர்கள்: "வெளிக்கு... வெளிக்குப் போகோணும்..."

எனக்கு மெய்சிலிர்த்தது! உடல் தளர்ந்தும் உள்ளம் பரவெளியை நாடுகிறதே என்று உருகிப் போனேன். இரு கைகளையும் கூப்பிக்கொண்டு, உருவமற்ற இறைவனை வெளி என்று ஆன்றோர் கண்டதன் நுட்பத்தை உங்கள் மகனுக்கு விளக்கத் தொடங்கினேன். அவனும் கண் கலங்கினான். நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, இருந்த மூச்சையெல்லாம் திரட்டினீர்கள்.

"ஏனுங் தம்பி, பரவெளி அப்புறம் ஆகட்டும். மொதல்ல கக்கூசு."

கழிப்பறை என்பதை நாலு பேர் முன் வாயால் சொல்லக் கூசும் நம் ஊர் மரியாதை, "வெளிக்கு" என்று மறைத்துச் சொல்லும். அந்த மரியாதையை நீங்கள் நோயிலும் விடவில்லை. அந்தப் பெண் அதைத் தப்பியோடும் எண்ணமாகக் கேட்டாள், நான் முத்தியாகக் கேட்டேன். பாவம், நீங்கள் வயிற்றை அடக்கிக்கொண்டு இருவரையும் பொறுத்திருந்தீர்கள்!

"வெளின்னா பாத்ரூமா?" என்று வாயைப் பொத்திய அந்தப் பெண் மறுகணமே முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். அவள் தோளிலும் என் தோளிலும் கை போட்டு நீங்கள் நடந்தீர்களே, தேர் நிலையை விட்டு நகர்வதைக் கண்ட மகிழ்ச்சி எனக்கு! திரும்பி வந்து, அவிழ்ந்து கிடந்த துணியைக் கண்ணால் காட்டினீர்கள். "நம்ம கம்பெனி ரிப்புதானுங்க. தரம் நல்லாருக்குது, அத்துக்கவே மாட்டேங்குது."

அதன்பின் அந்தப் பெண் நீங்கள் கேட்கும்முன்பே வந்து, "தாத்தா, வெளிக்கு?" என்று கை நீட்டுவாள். மகன் வேறு மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். அவர் மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். உங்கள் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நான் ராகம் தப்பிப் பாடியபோது, "அது வேற ஊருக்குப் போற பஸ்ஸுங்க தம்பி" என்று தடுத்தீர்கள். அன்று நான் அடைந்த பூரிப்பை எந்தச் செய்யுளில் அடக்குவேன்!

ஆனால் ஒருநாள் விழுந்தீர்கள். முழங்கால் சிராய்த்து வீங்கிற்று. மகன் பதறிக்கொண்டு ஓடிவந்தான். கையில் அதே துணி. அவன் அச்சம் பொய்யானதன்று. நீங்கள்தான் அமைதியாகக் கேட்டீர்கள்: "உளுந்தது நானு, வலிக்கிறது எனக்கு. கட்டிப்போட்டா ஆருக்கு நிம்மதி, கண்ணு?"

அவன் துணியைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, உங்களை நல்லூர் வீட்டுக்கே அழைத்துப் போனான். கடைசிவரை அங்கே தட்டுத்தடுமாறி, ஆனால் உங்கள் காலால் நடந்தீர்கள்.

நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்லவே இம்மடல். உங்களைக் கிடத்தியபின், வழக்கப்படி கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டச் சடங்கு செய்பவர் குனிந்தார். மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாமுங்க. எங்கப்பாவ இனி ஆரும் கட்டக்கூடாதுங்க."

கூட்டம் சலசலத்தது. பங்காளிகளில் மூத்தவர் என்னைப் பார்த்து, "ஏனுங் சாமி, நூலெல்லாம் படிச்சவரு நீங்க. இதுக்குச் சாத்திரத்துல இடமிருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க" என்றேன்.

எந்த நூலில் என்று எவரும் கேட்கவில்லை, அண்ணா. யாரேனும் ஒருநாள் கேட்கக்கூடும் என்று இன்றும் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.