கயிறு பிடித்தவர்களின் மீன்

வியாழன்

மகளின் தொழிற்பயிற்சி அறிக்கையில் விடுதி முதலாளி ஒப்பமிட மாட்டாராம். மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவரே தொலைபேசியில் சொன்னார்.

ரிப்கா பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறாள். பயிற்சிக்கு அவருடைய கடற்கரை விடுதியில் இருக்கிறாள். நேற்றுக் காலை அங்கு தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களைக் கரையில் நின்று கரைவலைக் கயிறு இழுக்கக் கூட்டிப்போனாள். கயிற்றில் கை வைத்தவர் யாரானாலும் கறிக்கு மீன் கொடுப்பது எங்கள் கரை வழக்கம். வலைக்காரர் அவர்களுக்கும் கொடுத்தார். முதலாளி அதைக் குசினிக்கு அனுப்பிச் சமைக்கவைத்து, இரவுச் சாப்பாட்டில் அவர்களுக்கே விற்கப் பார்த்தார். அது நீங்கள் இழுத்த மீன், காசு கொடுக்க வேண்டாம் என்று இவள் எல்லோர் முன்னும் சொல்லிவிட்டாள்.

"காக்கா, மகள வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க, ஒப்பம் வெச்சுத் தாறன்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் முதலாளி.

மகளிடம் கேட்டேன்.

"கேக்க மாட்டன் வாப்பா. மீன் வேணுமெண்டா அவரும் வந்து கயிறு இழுக்கட்டும்."

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஒப்பமில்லாவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். போகட்டும். மன்னிப்பு இந்த வீட்டிலிருந்து போகாது. அவளுடைய விரிவுரையாளர் விடுதியில் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதில் திங்கட்கிழமை வரும்.