மேலிருந்து இறங்கும் நெருப்பு

சிரிக்கக் கூடாது. இன்று காலை தூசி உறிஞ்சும் மெஷினின் குழாயைக் கழற்றி, ஊதுகுழல் மாதிரி வாயில் வைத்து, கீழே நிலத்துக்கடியில், கெல்லரில் இருக்கிற உங்கள் விறகு அடுப்புக்குள் ஊதினேன். குழாயில் கிடந்த தூசி முழுக்க அடுப்புக்குள் போனது. அடுப்பில் இருந்த புகை முழுக்க என் மூக்குக்குள் வந்தது. தலையை இரண்டு தரம் கழுவியும் அந்த மணம் போகவில்லை. அதோடுதான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நீங்கள் கண்ணை மூடின பிறகு இந்த ஜெர்மன் ஊர் ஹம்மில் இது முதல் குளிர்காலம். விறகு அணைந்து நூர்ந்துபோனால் வீட்டைச் சூடாக்குகிற குழாய்த் தண்ணீர் ஆறுகிறது. ஆறினதும் 'டிக்' என்று கரண்ட் ஹீட்டர் தானாக ஏறி, சிவப்பு லைட் என்னை முழிசிப் பார்க்கிறது. அந்த 'டிக்' கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த வீட்டில் அடுப்பைத் தவிர மற்ற எல்லாம் பற்றுகிறது.

இதற்குள் உங்கள் மகன் வேறு. போன கிழமை வந்து நின்று, "அம்மா, இந்தச் சனியனைக் கழட்டுவம். கரண்ட் மட்டும் காணும், அதுவே போதும். புகைபோக்கி பாக்கிற மனிசி வந்து ஒரு குறை சொன்னாலும் நான் கழட்டிப்போடுவன்" என்றான். நீங்கள் பிளந்து அடுக்கின விறகு இன்னும் பாதிச் சுவருக்கு இருக்கிறது. அதை யாருக்கோ கொடுத்துவிடுவானாம்.

"முதல் உன்னைக் கழட்டிறன், நில்லு" என்றேன்.

அந்த மனிசி வருகிற நாள் இன்றுதான். அதுதான் அந்த ஊதல்.

உங்கள் மேலும் கோபம்தான். ஒரு நாளாவது எனக்குக் காட்டித் தந்தீர்களா? சரி, காட்ட வந்தபோதெல்லாம் நான் நக்கலடித்தேன், ஒத்துக்கொள்கிறேன். பெரிய கட்டைகளைக் கீழே அடுக்கி, சுள்ளியை மேலே போட்டு, உச்சியில் கொளுத்துவீர்கள். எங்கள் ஆட்கள் யார் அப்படி அடுப்பு மூட்டினது?

"என்னப்பா, நெருப்பு படியாலை இறங்கியே வரும்?"

"இறங்கும். கொஞ்சநேரம் வாயை மூடிக்கொண்டு இருந்து பாருமன்."

மற்றதெல்லாம் செய்வேன். அதுதான் எனக்கு ஏலாது.

இன்று இருமி முடிந்த பிறகு வேறு வழி தெரியவில்லை. எல்லாம் நூர்ந்ததும் வழித்தெடுத்து, கட்டையைக் கீழே வைத்து, சுள்ளியை மேலே வைத்துக் கொளுத்திவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன். இறங்கியது! ஆறுதலாக, ஒவ்வொரு கட்டையாக, சபைக்கு வருகிற மாப்பிள்ளை மாதிரி. பொட்டுப் புகை இல்லை.

மனிசி வந்தாள். முற்றத்தில் நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள், பிறகு அடுப்புக்குள் குனிந்து பார்த்தாள். "உங்கட கணவர் மாதிரியே எரிக்கிறீங்கள்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனாள். மகனுக்கு உடனே போன் எடுத்தேன். "ம்" என்றான். அந்த 'ம்' எனக்குக் காணும்.

விறகு முடியுமட்டும் மேலிருந்துதான் கொளுத்துவேன். நெருப்பு இறங்குகிற அந்தக் கொஞ்ச நேரம், நீங்கள் இருக்கும்போது ஒரு நாளும் சும்மா இராத இந்த வாய் உங்களுக்காகச் சும்மா இருக்கும்.

வந்த சந்தோசத்தில் சாம்பலையும் நானே அள்ளிக்கொண்டுபோய் வெளியே குப்பைத் தொட்டிக்குள் கொட்டினேன். தொட்டி பிளாஸ்டிக். இப்போது அதற்கு அடி இல்லை.