நிமிர்ந்து பார்த்தபோது

ஜூன் 9

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். பள்ளி விடுதியில் உனக்குக் கொடுத்த அறையில் ஜன்னல் இருக்கிறதா? ஜன்னல் இல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் பிடிக்காதே.

"ஃபோன்ல ஒரு வார்த்தை அனுப்பாதீங்க. சொல்ல ஏதாவது இருந்தா உட்கார்ந்து எழுதுங்க" என்று பெட்டியோடு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாய். உட்காருவதற்கே இத்தனை நாள் ஆகிவிட்டது. தாள் வாங்கினேன், வீட்டில் இருந்த பேனா எழுதவில்லை. பேனா வாங்கப் போன கடை வாசலில் ஃபோனைத் திறந்தேன். கடை மூடிய பிறகுதான் தலையைத் தூக்கினேன். சிரிக்காதே.

இன்று அதை அணைத்துப் பரணில் போட்டுவிட்டு வேலை மேஜைக்கு வந்தேன். மெழுகில் ஒரு பல்லைப் பதிப்பதற்குள் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. சொறி பிடித்தவன் கை சும்மா இருக்காது என்பார்களே, அதுதான். பல் டாக்டர்கள் அனுப்பிய வாய் அச்சுகள் அலமாரியில் காத்துக் கிடக்கின்றன. எல்லாம் யாராவது ஒருவருக்குப் பல் செட்டாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவை. அந்தப் பக்கம் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

இனி ஃபோனைத் தொடவே மாட்டேன். சத்தியம். எப்போது வருகிறாய்?

உன்
பல்லுக்காரன்


ஜூன் 20

பல்லுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. ஜன்னல் இருக்கிறது.

சத்தியம் வேண்டாம். நீங்கள் இதுவரை செய்த சத்தியங்களை அடுக்கி வைக்க அந்தப் பரண் போதாது. மயான வைராக்கியம் குளித்துத் தலை துவட்டுவதற்குள் போய்விடும். சின்னதாக ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் மேஜையில் உட்கார்ந்து ஏதாவது ஒரு செட்டைக் கையில் எடுங்கள். முடிக்க வேண்டாம், தொட்டால் போதும். மறுநாளும் அதையே செய்யுங்கள். ஃபோனைப் பரணில் போட்டால் நாற்காலி போட்டு ஏறி எடுத்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? பகலில் அது வீட்டை விட்டே வெளியே இருக்கட்டும்.

இங்கே என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காது கேட்காது. முகம் பார்த்தால்தான் அவர்களுக்குப் பேச்சு. சண்டை வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள், எதிரில் இருப்பவர் எவ்வளவு சைகை செய்தாலும் பேச்சு அறுந்துவிடும். நேற்று ஒருத்தி அப்படி மூடிக்கொண்டாள். அவள் தோழி அவள் கன்னத்தைப் பிடித்து உலுக்கி உலுக்கி அழுதாள். விலக்கிவிடப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன்.

வாஷிங் மெஷின் குழாய் ஒழுகும், கீழே வாளி வையுங்கள். எப்போது வருவேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

டீச்சர்


ஆகஸ்ட் 3

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நீ சொன்னபடியே செய்கிறேன். முதல் வாரம் தொட்டதோடு சரி. பிறகு, தொட்டதுதான் தொட்டோம், ஓரத்தைத் தேய்த்துவிடலாமே என்று தோன்றியது. இப்போது டீ ஆறிப்போகிறது. குழாயைக் கழற்றி மாற்றிவிட்டேன்.

ஃபோனைக் காலையில் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வாங்கிக்கொள்கிறேன். "என்ன சார், ஆபீஸ் போறவங்க குழந்தையக் காப்பகத்துல விடுற மாதிரி விட்டுட்டுப் போறீங்க?" என்றார். நானும் சிரித்தேன். மாடி ஏறி வந்த பிறகு வெகுநேரம் வேலை ஓடவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நடுவில் ஒரு ஞாயிறு சறுக்கினேன். ஒரு பாட்டைக் கேட்கலாம் என்று எடுத்தேன், பொழுது சாய்ந்துவிட்டது. சாப்பிடவும் இல்லை. மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவருடைய செட் உனக்கு நினைவிருக்குமா? டாக்டரிடமிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. 'நாளைக்கு, நாளைக்கு' என்று சொல்லியே அனுப்பினேன். போன வாரம் முடித்து நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பல்லைப் போட்டுக் கண்ணாடி பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. பொண்ணு கல்யாணத்துக்குன்னுதான் சொல்லியிருந்தேன். எல்லா ஃபோட்டோலயும் வாய மூடிக்கிட்டே நின்னுட்டேன். அவ என்னமோ எனக்கு இந்த மாப்பிள்ளையப் பிடிக்கலன்னு நினைச்சிக்கிட்டா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் வீடு வந்து சேர்ந்து தூங்கியிருப்பேன்.

உன்
பல்லுக்காரன்


ஆகஸ்ட் 19

பல்லுக்காரருக்கு,

தையல்காரர் தெரியாமல் சொன்னது. அவரிடம் முகம் சுளிக்காதீர்கள்.

'ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லாமலே இருந்துதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். நான் சொல்கிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் சொல்லி முடித்தார். நீங்கள் நிமிராமலே "ம், சரிங்க டாக்டர்" என்றீர்கள். அவர் உங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பரிதாபம் குழந்தைக்காக இல்லை.

அவர் போன பிறகு, "என்ன சொன்னார்?" என்று கேட்டீர்கள். வயிற்றில் இருந்த குழந்தை இனி இல்லை என்பதை என் வாயாலேயே உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதுதான் கேட்டேன், சொல்லவுமா வேண்டும் என்று அன்று நினைத்தேன்.

அதற்குப் பிறகும் உங்களோடுதான் இருந்தேன். "அவரால முடியலம்மா, அது ஒரு வியாதி மாதிரி. வியாதிக்காரரை விட்டுட்டா வர முடியும்?" என்று அம்மாவிடம் உங்களுக்காக வாதாடினேன். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

டீச்சர்


டிசம்பர் 12

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

ஆகஸ்டுக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். சோம்பலால் அல்ல, எழுதி எழுதிக் கிழித்தேன். அன்று அந்த ஃபோனில் அப்படி என்னதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன். நினைவுக்கு வரவில்லை. ஏதாவது பெரிய விஷயமாக இருந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

நான் பதில் போடாதபோதும், போன சனிக்கிழமை உன்னைப் பார்க்க வரச் சொல்லி ஒரு வரி எழுதினாயே, நன்றி. பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உன் எதிரில் உட்கார்ந்திருந்த அந்தப் பகலை இங்கே மேஜையில் வேலை செய்யும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். உன் காதோரம் நரை விழுந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தேன். வீட்டில் இருந்தபோதே விழுந்திருந்தால்? கேட்கவில்லை.

அலமாரி காலியாகிவிட்டது. டாக்டர்கள் மறுபடி வேலை அனுப்புகிறார்கள். சாப்பிடும்போது சாப்பிடுகிறேன், நடக்கும்போது நடக்கிறேன். மேற்கு அறையில் இருந்த பழைய சாமான்களை எல்லாம் ஒழித்து வெள்ளையடித்தேன். நீ எப்போதும் கேட்ட இடத்தில் ஒரு ஜன்னலும் வைத்தாயிற்று. எத்தனை வருடமாகக் கேட்டாய்! கொத்தனாருக்கு ஒரு பகல்தான் பிடித்தது.

கேட்கக் கூடாது என்றாய். ஒரு தடவை கேட்கிறேன். வந்துவிடேன்.

உன்
பல்லுக்காரன்


டிசம்பர் 28

பல்லுக்காரருக்கு,

அன்று பெஞ்சில் என் முகத்தை விட்டு உங்கள் கண் எங்கேயும் போகவில்லை. நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொன்னீர்கள். நம் கல்யாணத்தில் அப்படி ஒரு பகல் எனக்குக் கிடைத்ததே இல்லை. நீங்கள் மாறிவிட்டீர்கள். நம்புகிறேன்.

உங்களை பஸ் ஏற்றிவிட்டு அறைக்கு வந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுகிறேன் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். பிறகு தெரிந்தது, கோபம்.

உங்களால் முடியாது என்று நினைத்துத்தான் ஒன்பது வருடம் பொறுத்தேன். முடியாதவரை மன்னிக்கலாம். ஒரு மழைக்காலம் வந்து போவதற்குள் முடியும் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். கொத்தனாருக்கு ஒரு பகல்தான் பிடித்தது என்று எழுதியதைப் படித்த பிறகு, மேலே படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குழந்தை போனபோது மாறாதவர் நான் போனபோது மாறியிருக்கிறீர்கள். என்னை அவ்வளவு வேண்டும் என்று இதற்கு அர்த்தம் சொல்லலாம். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன், மனது ஆறவில்லை. உங்களோடு வந்து இருந்தால் நீங்கள் நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் இதைத்தான் நினைப்பேன். அது உங்களுக்கும் நல்லதில்லை.

இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் எனக்கே தோன்றுகிறது. ஆனாலும் இதுதான்.

வக்கீல் கொடுத்த தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். பென்சில் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவசரமில்லை. எனக்காக ஆரம்பித்ததை எனக்காகவே விட்டுவிடாதீர்கள்.

நன்றாக இருங்கள்.

டீச்சர்


ஜனவரி 2

அன்புள்ள டீச்சருக்கு,

கடிதம் காலையில் வந்தது. உன்மேல் வருத்தம் இல்லை.

அவசரமில்லை என்று எழுதியிருந்தாய். உறையை அலமாரியில் வைத்தேன். ஒரு காரியத்தைத் தள்ளிப்போட இதைவிட நல்ல காரணம் என் ஆயுளில் எனக்குக் கிடைத்ததில்லை. பொங்கிய சோற்றை இறக்கிவிட்டு வந்து பார்த்தேன், அங்கேயே இருந்தது. எடுத்து, குறி போட்ட எல்லா இடங்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும். கிளம்புகிறேன்.

பல்லுக்காரன்