ஸ்டூலிலிருந்து விழும் யானை

பிப்ரவரி 3, திங்கள்

மழலையர் வகுப்பின் எட்டு டேப்லெட்டிலும் நான் செய்த எழுத்து மென்பொருளை ஏற்றியாயிற்று. குழந்தைகள் வருவதற்குள் கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன். வந்துவிட்டார்கள். நாலரை வயது, இருபத்திரண்டு பேர். ஒருவன் என் லேப்டாப் பைக்குள் தலையை விட்டு, "உள்ள யாரு?" என்றான்.

விஷயம் எளிது. என் அக்கா பதிவு செய்து கொடுத்த குரல் ஓர் எழுத்தின் ஓசையைச் சொல்லும். திரையில் நான்கு எழுத்துகள். சரியானதைத் தொட வேண்டும். எதைத் தொட்டாலும், பிறகு சரியான எழுத்தின் உருவத்தைப் புள்ளிக்கோட்டின் மேல் விரலால் எழுத வேண்டும். தொட்டதோ எழுதியதோ சரியென்றால் பொன்னிற நட்சத்திரம் சுழன்று விரியும் - அந்த நட்சத்திரத்துக்கு மட்டும் எனக்கு மூன்று வாரம் ஆனது. தப்பென்றால் சிவப்புப் பெருக்கல் குறி, ஒரு 'டொய்ங்'.

வகுப்பு டீச்சர், "கொஞ்ச நேரம் உக்காந்து பாத்துட்டுப் போங்களேன் தம்பி" என்றார்.

"எதுக்கு டீச்சர்? எல்லாம் ரிப்போர்ட்டுல வரும்."

பிப்ரவரி 4, செவ்வாய்

'டொய்ங்' கேட்டு இரண்டு பேர் அழுதார்களாம். ஒருவன் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டு சாப்பாட்டு மணி வரை வெளியே வரவில்லையாம். "அத எடுத்துடுங்க தம்பி, புண்ணியமாப் போகும்" என்று டீச்சர் போனில் கெஞ்சினார்.

எடுத்தேன். பத்து நிமிட வேலை. இலவசப் படங்களில் கிடைத்த யானை ஒன்றை ஸ்டூல் மேல் ஏற்றினேன். தப்பானால் விழும். விழும்போது கத்தக் குரல் வேண்டுமே? அக்கா வேலைக்குப் போய்விட்டாள். நானே துணி அலமாரிக்குள் தலையை விட்டு - அங்கேதான் எதிரொலி இருக்காது - "ஐயய்யய்யோ!" என்று கத்திப் பதிவு செய்தேன். அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"என்னடா ஆச்சு?"

"வேலை பாக்குறேம்மா."

"இதுக்கா நாலு வருஷம் படிச்ச?"

பிப்ரவரி 6, வியாழன்

அழுகை நின்றுவிட்டது. வகுப்பு முழுக்க ஒரே சிரிப்பாம். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது.

பிப்ரவரி 19, புதன்

முதல் ரிப்போர்ட். நினைத்ததைவிடக் குறைவு. தொடுவதில் நாற்பது கேள்விக்குச் சராசரி பதினாறு சரி. போகப் போக ஏறும்.

ஒரே ஒரு பெண் மட்டும் பூஜ்யம். யார் என்று டீச்சரிடம் கேட்டேன். காலையில் இரண்டு சாக்ஸோடு வந்து, பத்து மணிக்குள் ஒன்றைத் தொலைத்துவிடுவாளாம். வகுப்பில் அவள் பெயரே 'ஒத்தை சாக்ஸ்' தானாம். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாளாம். ஆனால், "அவளுக்கு எல்லாம் தெரியும் தம்பி" என்கிறார் டீச்சர்.

தெரிந்தால் பூஜ்யம் ஏன் வருகிறது? பாசம் வேறு, கணக்கு வேறு என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சுருக்கென்றுதான் சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஏறவில்லை. பதினாலு. ஒத்தை சாக்ஸ் மறுபடி பூஜ்யம்.

தலைமை ஆசிரியைக்கோ ரிப்போர்ட் ரொம்பப் பிடித்துவிட்டது. வண்ணத்தில் அச்செடுத்துத் தன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். "பட்டுன்னு தெரியுது பாருங்க, யாரு எங்க இருக்காங்கன்னு." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

மார்ச் 3, திங்கள்

இன்று நடந்தது பிடிக்கவில்லை.

தலைமை ஆசிரியை அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். டயர் கடை வைத்திருக்கிறாராம், நகத்தைச் சுற்றிக் கறுப்பு மசி. ஒத்தை சாக்ஸின் அப்பா. அவளை இன்னொரு வருஷம் இதே வகுப்பில் வைக்கலாம் என்று யோசிக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை முடிவு.

"மிஷின் போட்டது நீங்கதானே சார்?"

"ஆமா."

"வீட்டுல நல்லாத்தான் இருக்கா. கடைக்கு வந்தா போர்டெல்லாம் படிக்கிற மாதிரி விரல் வெச்சுக்கிட்டே போவா. நான் அதிகம் படிச்சவன் இல்ல, எனக்குச் சொல்லத் தெரியல." நகத்து மசியைச் சுரண்டினார். "என் பொண்ணு மக்கா சார்?"

  "பாக்குறேன்" என்றேன். எதைப் பார்க்கப் போகிறேன்?

மார்ச் 4, செவ்வாய்

அட மடையா.

நாலில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே நாற்பதுக்குப் பத்து சரியாகும். ஒன்றுமே தெரியாத பிள்ளைக்குப் பத்து வரவேண்டும். பூஜ்யம் எப்படி வரும்? ஒரு கேள்வி தப்பாக வாய்ப்பு முக்கால்; அந்த முக்காலை நாற்பது தடவை பெருக்கிப் பார்த்தேன். லட்சத்தில் ஒன்று. அதுவும் இரண்டு ரிப்போர்ட்டிலும்!

விரல் போன தடங்களைத் திறந்தேன். எல்லாம் சேமித்துத்தான் இருக்கிறது, நான்தான் ஒரு நாளும் பார்க்கவில்லை. 'இ' எழுதியிருக்கிறாள். தொடக்கம் சரி, திசை சரி, புள்ளிக்கோட்டை விட்டு ஒரு மயிரிழை விலகவில்லை. கடைசி வளைவு வரைக்கும். அங்கே வந்ததும் நேராகத் திரையின் ஓரத்துக்குப் போகிறது விரல். 'க' அப்படியே. 'ம' அப்படியே. முடிக்கப் போகிற இடத்தில் சொல்லிவைத்தாற்போல் வெளியே.

தெரியாத பிள்ளை இப்படி எழுத முடியாது. அப்புறம் ஏன்?

நாளை போய் உட்காரப் போகிறேன்.

மார்ச் 5, புதன்

முழங்கால் உயர நாற்காலி. முட்டி இரண்டும் காதைத் தொட்டன. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கும் ஒரு பாய் வேண்டுமா என்று கேட்டார்.

ஒத்தை சாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா குரல் 'க' என்றது. அவள் நான்கையும் பார்த்தாள். டீச்சர் எங்கே என்று ஒரு பார்வை. நிதானமாக 'ப'வைத் தொட்டாள்.

யானை விழுந்தது. "ஐயய்யய்யோ!"

வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள்!

"க எது பாப்பா?"

தொடாமல், விரலைத் திரைக்கு மேலேயே நிறுத்திக் காட்டினாள். "இது. ஆனா தொட்டா நட்சத்திரம்தான் வரும்."

"நட்சத்திரம் நல்லா இல்லையா?"

"அது சும்மா சுத்துது."

மூன்று வாரம். மூன்று வாரம் உழைத்தேன் அந்தச் சனியனுக்கு!

பிறகு என்னையே உற்றுப் பார்த்தாள். "அண்ணே, யானை உள்ள கத்துறது நீயா?"

"ஆமா."

"கத்து."

கத்தினேன். வேறென்ன செய்ய? இருபத்திரண்டு பேரும் எழுந்து ஓடி வந்துவிட்டார்கள். டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். சுவரில் இருந்த அச்சுப் பிரதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"கிழிச்சுடுங்க மேடம். பிள்ளைங்க மேல தப்பில்ல. தப்பு பண்ணினா வேடிக்கை காட்டுற மாதிரி நான்தான் செஞ்சு வெச்சேன்."

"ரிப்போர்ட் பொய் சொல்லாதுன்னு நீங்க அடிச்சுச் சொன்னதாலதான் அவங்கப்பாவையே வரச்சொன்னேன்."

ஆமாம்.  நாளை எல்லோர் முன்னாலும் அவளைச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். சரி என்றார். வகுப்பு டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தம்பி, இனிமே வாரம் ஒரு நாள் வந்து உக்காருங்க" என்றார். தண்டனை மாதிரிதான் இருந்தது அவர் சொன்ன விதம்.

வீட்டுக்கு வந்து நட்சத்திரத்தை அழித்தேன். இனிமேல் சரியாகத் தொட்டால் யானை விழும். தப்பானால் ஒன்றும் நடக்காது, அக்கா மறுபடி பொறுமையாகச் சொல்வாள். அக்காவிடம் சொன்னபோது, "உன் குரலுக்குத்தான் மவுசா? என்கிட்ட எத்தனை தடவை 'இன்னும் தெளிவா சொல்லு'ன்னு உயிர வாங்கின!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 7, வெள்ளி

நாற்பதுக்கு நாற்பது. யானை நாற்பது தடவை விழுந்தது. தலைமை ஆசிரியை பதினைந்தாவது யானை வரைக்கும்தான் முகத்தை இறுக்கமாக வைத்திருக்க முடிந்தது.

அவள் அப்பா திரையைப் பார்க்கவேயில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வகுப்புக்குப் போகிறாள்.

மார்ச் 12, புதன்

உட்கார்ந்தேன். ஆறு தடவை கத்தச் சொன்னார்கள். தொண்டை கட்டிக்கொண்டது.

மார்ச் 28, வெள்ளி

சைக்கிள் பஞ்சர். டயர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவரில், என் முழங்கால் உயரத்தில், ஒரு வரிசை எழுத்தைக் கண்டேன். மசியை விரலில் தொட்டு எழுதியது. மசி தீரத் தீரக் கோடு மெலிவதால் எங்கே தொடங்கினாள், எந்தப் பக்கம் போனாள் என்று பார்த்தாலே தெரிகிறது. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 'இ' கடைசி வளைவு வரைக்கும் ஒழுங்காகச் சுற்றி முடிந்திருக்கிறது. வெளியே ஓடவில்லை.

வரிசையின் முடிவில் நாலு காலும் மேலே தூக்கியபடி ஒரு யானை.

"தொடச்சிடலாம்னு பாத்தேன் சார்," என்றார் அவர், டியூபிலிருந்து தலையை எடுக்காமல். "அப்புறம் விட்டுட்டேன்."